ஆண்டறிக்கை 2024–25: சோழர், கடாரம், சோங் – ஓராண்டு விவாதம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். நாகப்பட்டினத்தில் இயங்கும் நமது வரலாற்று வாசிப்பு மன்றத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு என்ற பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, இவ்வாண்டு முழுவதும் ஒரே பொருளில் நின்றோம். 11ஆம் நூற்றாண்டில் சோழ நாடு, சுமத்ராவை மையமாகக் கொண்ட கடல்வணிக அரசான ஸ்ரீவிஜயம், சீனத்துச் சோங் அரசு மூன்றும் ஒன்றையொன்று என்ன பெயரிட்டு அழைத்தன, யாரை யாருக்குக் கீழே வைத்தன, அந்தத் தகவல் யார் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதே பொருள். நாகையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

ஆனைமங்கலச் செப்பேட்டிலிருந்து தொடங்கினோம். ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில் நாகையில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்குரிய கொடை ஊராக, விடப்பட்டது. ஆண்டு வருவாய் 8,943 கலம் நெல்லுக்குச் சற்றுக் கூடுதல். விகாரத்தை எடுப்பித்தவனைச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி சைலேந்திர குலத்தவன், ஸ்ரீவிஜயத்தின் தலைவன் என்கிறது. தமிழ்ப் பகுதிக்கு அவன் வெறும் கிடாரத்தரையன், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா எனக் கொள்ளப்படும் கடாரத்தின் அரசன். ஒரே வளையத்தில் கோத்த ஏடுகளிலேயே இரண்டு பெயர்கள். வடமொழி குலத்தையும் பேரரசையும் சொல்கிறது. தமிழ், நம் மாலுமிகள் போய் இறங்கிய துறையைச் சொல்கிறது. இதே அரச குடும்பம் சில ஆண்டுகள் முன்பு, 1003இல், சோங் அரசவைக்கும் தூது விட்டிருந்தது. பேரரசரின் நீண்ட ஆயுளுக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருக்கிறோம், பெயர் வைத்துத் தாருங்கள் என்று கேட்டு, பெயரும் மணியும் வாங்கிச் சென்றது. வடக்கே பெயர், மேற்கே நிலம். கடல்வழியின் நடுவில் உட்கார்ந்திருந்த அரசு இரண்டு பக்கத்தையும் கவனமாகப் பார்த்துக்கொண்டது என்பதில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பெயர்களைச் சரிபார்ப்பதில்தான் அதிகம் தடுக்கி விழுந்தோம். சீன எழுத்தை இன்றைய பெய்ஜிங் ஒலியில் படித்துவிட்டு, ‘இது சோழனே இல்லை’ என்று வாதாடுவது முதல் அமர்வுகளில் நடந்தது. சோழ நாட்டைக் குறிக்கும் சொல் இன்றைய ஒலியில் ‘சூ-நியென்’. அதன் இரண்டாம் எழுத்துக்கு அக்காலத்தில் லகரத் தொடக்கம். ‘சூ-லியென்’ என்று படித்தால் சோழம் தானாகக் காதில் விழும். ஸ்ரீவிஜயத்துக்குச் சீனர் இட்ட ‘சான்ஃபோச்சி’ என்ற பெயரின் நடு எழுத்துக்கும் அன்று தகர ஒற்றில் முடியும் ஒலி இருந்தது. இன்று அது உதிர்ந்துபோயிற்று. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயர்த்தாள் தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்தோம். மூலத்தில் உள்ள வடிவம், பழைய ஒலி, இன்றைய ஒலி, அது ஆள்பெயரா பட்டமா ஊர்ப்பெயரா, நிகழ்ச்சி நடந்த ஆண்டு, அதைப் பதிந்த நூல் தொகுக்கப்பட்ட ஆண்டு, கடைசியாகத் தகவலைக் கொண்டுபோனவர் யார் என்று ஏழு கட்டங்கள். கடைசி இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தால் அந்தப் பெயரை வாதத்தில் எடுக்கக் கூடாது. சோங் வரலாறு என்று நாம் எடுத்துக்காட்டுவது 1345இல், மங்கோலியர் ஆட்சியில் தொகுத்து முடிக்கப்பட்ட நூல் என்பதை நினைவில் வைக்கவே இந்தக் கட்டுப்பாடு. ‘ஸ்ரீவிஜயம்’ என்பதே ஓர் அரசனின் பெயர் என்று அறிஞர்கள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அது ஒரு நாடு, சீனர் சொன்ன நாடும் அதுவே என்று பிரெஞ்சு அறிஞர் சேடேஸ் 1918இல்தான் நிறுவினார். பெரியவர்களே சறுக்கிய இடம் இது.

அளவுகள் அடுத்த தொல்லை. 1015இல் ராஜராஜனின் தூதர்கள் சோங் அவையில் வைத்த காணிக்கையில் முத்து மட்டும் 21,100 லியாங். யானைத் தந்தம் 60. இன்றைய 50 கிராம் லியாங்கைக் கொண்டு பெருக்கினால் ஒரு டன்னைத் தாண்டும். சோங் காலத்து லியாங் சுமார் 40 கிராம்; அப்படிப் பார்த்தால் 840 கிலோ வரும். தூதுக்குழு குவாங்சோ துறைமுகம் சேர 1,150 நாள் ஆனதாகக் குறிப்பு இருக்கிறது. நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் அவர்கள் 1012ஐ ஒட்டிப் புறப்பட்டிருக்க வேண்டும். ஓலை அவையில் படிக்கப்பட்டபோது அதை அனுப்பிய அரசன் உயிரோடு இல்லை. ராஜேந்திரன் அரியணையில் இருந்தான். 1015இல் சோழர் சீனரிடம் இப்படிக் கேட்டனர், அப்படிப் பணிந்தனர் என்று ஆண்டைப் போட்டு வாதாடியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1077இல் வந்த சோழத் தூதுக்குழுவில் 27 பேர். முத்தும் கற்பூரமும் ஏந்திப் படியேறி, மண்டியிட்டு அரியணை முன் தூவினார்கள். பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும். சரத்துக்கு ஆயிரம் காசு என்பது பெயருக்குத்தான். அரசுக் கணக்கில் 77 காசே நூறு. ஆகவே ஒரு சரம் 770 காசு, மொத்தம் 6 கோடியே 29 லட்சத்து 86 ஆயிரம் காசு. காசு ஒன்று மூன்றரை கிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 220 டன் செம்பு. காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு இருந்த தடை 1074இல் நீங்கியிருந்தது உண்மை. தஞ்சைப் பகுதியில் விக்கிரமம், தாலிக்கோட்டை போன்ற ஊர்களில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்ததும் உண்மை. ஆனாலும் இவ்வளவும் செம்பாகவே கப்பலேறியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. பெரும்பகுதி அங்கேயே சரக்காக மாறியிருக்கும் என்பது என் கணிப்பு. ‘கப்பம்’ என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டதை மறுபக்கம் நல்ல வியாபாரமாகப் பார்த்திருக்கலாம்.

ராஜேந்திரன் கடாரத்தின் மீது நடத்திய 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு பற்றிய அமர்வைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் அறிந்தது. அவன் கல்வெட்டுகளின் புகழுரையான மெய்க்கீர்த்தி, கடாரத்தரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனைப் பிடித்ததைச் சொல்லி, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாநக்கவாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. அங்கெல்லாம் சோழ அதிகாரி அமர்ந்து வரி தண்டியதற்குச் சான்று எங்கே என்று எதிரணி கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 1028லேயே ஸ்ரீவிஜயத் தூது மறுபடி சோங் அவையில் நிற்கிறது. அடித்து நொறுக்குவதும் ஆள்வதும் வேறுவேறு என்று நடுவர்கள் பதிவு செய்தனர், பேரவை ஏற்றுக்கொண்டது.

ஆண்டின் முக்கிய விவாதம் சோங் அரசின் 1106ஆம் ஆண்டுக் கோப்பைப் பற்றியது. பர்மாவின் பகான் நாட்டுத் தூதர் வந்தபோது, சோழருக்குச் செய்த மரியாதையையே இவர்களுக்கும் செய்க என்று பேரரசர் உத்தரவிட்டார். சடங்குத் துறை ஒப்பவில்லை; அது சொன்ன காரணம் இது: சோழ நாடு சான்ஃபோச்சிக்கு அடங்கியது. அதனால்தான் 1068–1077 காலத்தில் அதற்குரிய ஆணையைச் சாதாரணத் தடித்தாளில் எழுதிப் பெட்டியிலிட்டுத் துணியில் சுற்றி அனுப்பினோம். பகான் பெரிய நாடு, சிற்றரசைப் போல நடத்தலாகாது என்றது. அராபியருக்கும் வியட்நாமுக்கும் அனுப்புவதுபோல் பொற்பூவிட்ட வெண்முதுகுப் பட்டுத்தாளில் எழுதி, பொன்முலாம் குழாயில் பூட்டி, பட்டுறையிட்டு அனுப்பவேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படியே ஆயிற்று. ஒரு நாட்டின் தகுதியைத் தாளின் தரத்தில் படிக்க முடிகிற அபூர்வமான இடம் இது.

கடாரத்தை அடித்த சோழர் கடாரத்துக்கு அடங்கியவர் ஆனது எப்படி? எழுத்தர் பிழை என்றது ஓர் அணி. கடல்வழியைக் கையில் வைத்திருந்த ஸ்ரீவிஜயத் தூதர்கள் வேண்டுமென்றே சொல்லிவைத்த கதை என்றது இன்னோர் அணி. மூன்றாம் அணி ‘திஹுவாச்சியாலோ’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது. 1067இல் ஸ்ரீவிஜயத்தின் பெருந்தலைவனாகச் சோங் அவைக்கு வந்தவன் பெயர் அது. 1077இல் சோழ அரசன் பெயர் அது. குவாங்சோவில் பாழடைந்த தாவோ கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஸ்ரீவிஜயத் தலைவன் பெயரும் அதுவே. மூவரும் ஒருவர், அவர் பின்னாளில் சோழ அரசனான குலோத்துங்கன் என்பது அவர்கள் வாதம். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் பெயர்த்தாளின் நான்காம் கட்டத்தில் அது தடுமாறியது: ‘தேவ’ என்று தொடங்கும் பட்டம் பலருக்கும் பொருந்தும், எழுத்துகளிலும் சிறு வேறுபாடு இருக்கிறது.

தீர்ப்பு இரண்டாம் அணிக்குச் சாய்ந்தது. என் கருத்தில் அதுவும் பாதிதான். 1106இல் சடங்குத் துறை யாரையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பழைய கோப்பைப் புரட்டியது. 1015லேயே சோழத் தூதருக்குப் பாலைவனச் சோலை நாடான கூச்சாவின் தூதருக்கு நிகரான விருந்துதான் விதிக்கப்பட்டது. ஒருமுறை பதிவான தகுதி அடுத்த அதிகாரிக்கு முன்மாதிரி ஆகிவிடுகிறது. கடலில் நடந்த போர் அந்தக் கோப்புக்குள் நுழையவே இல்லை. இதற்கிடையில் 1090இல், கடாரத்தரையனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் விண்ணப்பித்து, நாகை விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குப் பெற்றார்கள் என்று சிறிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. சீனக் கோப்பில் மேலே இருப்பவர் நம் செப்பேட்டில் மனு கொடுக்கிறார்.

நிர்வாகம் குறித்து: வரவு–செலவுக் கணக்கு தணிக்கையாகித் தனித்தாளில் சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. சந்தா நிலுவை உள்ளவர்கள் பொருளாளரிடம் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்த்தாள்கள் அகரவரிசையில் கட்டப்பட்டு நூலக அலமாரியில் உள்ளன. வெளியே எடுத்துச் செல்வோர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். விவாத நாளுக்கு ஒரு வாரம் முன்பே இரு அணியும் சான்றுப் பட்டியலைப் பரிமாறிக்கொள்வது என்ற விதி பல கூட்டங்களில் பின்பற்றப்படவில்லை. மேடையில் புதுச் சான்று கொண்டுவந்தால் எதிரணிக்கு அடுத்த மாதம் வரை அவகாசம் தரும் திருத்தத்தைச் செயற்குழு முன்மொழிகிறது.

வரும் ஆண்டுக்கான பொருளாக, கி.பி. 97இல் ரோமை நோக்கிப் புறப்பட்ட சீனத் தூதன் கான் யிங், கடலைக் கடக்க காற்று வாய்த்தால் மூன்று மாதம், வாய்க்காவிட்டால் இரண்டு ஆண்டு ஆகும் என்று பார்த்திய மாலுமிகள் சொன்னதைக் கேட்டுத் திரும்பிய நிகழ்ச்சியையும், 166இல் ‘அன்துன்’ என்ற ரோமானிய அரசன் பெயரால் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் கொண்டுவந்தவர்கள் தூதரா வணிகரா என்ற கேள்வியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறோம். பொதுக்குழு ஒப்புதல் அளித்தால் அணிப் பிரிப்பு அடுத்த கூட்டத்திலேயே நடைபெறும்.

இப்படிக்கு,
செயலாளர்