கிளிக் ஆகாததையும் எண்ணச் சொல்லுங்கள்: ஏற்புச் சோதனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குவாண்டம் தொடர்புக் கருவிகளுக்கு ஏற்புச் சோதனை விதிகளை வகுக்கும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சப்ளையர் செயல்விளக்கம் காட்டிய குவாண்டம் கருவியின் சோதனைக் கோப்பு மூன்றாவது முறையாக என் மேஜைக்கே திரும்பி வந்திருக்கிறது. 'சோதித்துச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து இல்லை என்று பென்சிலில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். தெரியும். நான்தான் போடவில்லை. காரணத்தை இரண்டு முறை குறிப்பாக எழுதி வைத்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அன்றைய செயல்விளக்கத்தை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை; உங்களில் இருவர் முன்வரிசையில் இருந்தீர்கள். ஒளி மூலமும் எதிர்முனைப் பெட்டியும் சப்ளையருடையவை. இந்த முனையில் இருந்த டிடெக்டர்கள் (போட்டான் எனும் ஒளித்துகள் விழுந்தால் 'கிளிக்' என்று பதிபவை) மட்டும் நம்முடையவை. திரையில் பெல் சோதனையின் எண் 2.61 என்று பச்சை நிறத்தில் வந்தது. இரு முனை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு அது; போட்டான் ஜோடிக்குள் குவாண்டம் பிணைப்பு இருந்தால்தான் 2-ஐத் தாண்டும் என்பது கணக்கு. "2-ஐத் தாண்டிடுச்சு சார், பிணைப்பு உறுதி" என்றார் சப்ளையர் தரப்புத் தம்பி. கைதட்டினோம், சமோசா வந்தது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நம்ம பக்கம் கிளிக் ஆகி, உங்க பெட்டியில கிளிக் ஆகாம போனது எத்தனை, தம்பி?"

அவர் டேட்டா ஃபைலைத் திறந்து காட்டினார். இரண்டு முனையிலும் சேர்ந்து கிளிக் ஆனவை மட்டும்தான் அதில் இருந்தன. "மத்ததெல்லாம் லாஸ் சார், சாஃப்ட்வேரே கழிச்சிடும்." மூல டேட்டாவைக் கேட்டேன், கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் டிடெக்டரின் தனி எண்ணிக்கையை எடுத்து நானே வகுத்துப் பார்த்தேன். நம் பக்கம் 100 கிளிக் விழுந்தால் அவர்கள் பெட்டி வாய் திறந்தது 14-க்கு. அந்த 14-ஐ வைத்துத்தான் 2.61.

மீதி 86 ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். அந்தப் பெட்டியில் பிணைப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முனைவாக்கத்தில் (ஒளி அதிரும் திசையில்) சாதாரணப் போட்டான் ஒன்றை நமக்கு அனுப்புகிறது. நாம் பெட்டியிடம் இரண்டு திசைகளில் ஒன்றைச் சொல்லி 'உன் விடை என்ன' என்று கேட்கிறோம். கேட்டது அது தயாரித்து வைத்திருந்த திசையென்றால் டக்கென்று விடை வரும். மற்றத் திசையென்றால் பெட்டி பேசாது. அதை 'லாஸ்' என்று சாஃப்ட்வேர் கழித்துவிடும். பாதிக் கேள்விகளுக்கு மௌனம் சாதித்தே இந்த ஏமாற்றுப் பெட்டி 2.8-ஐத் தொட்டுவிடும். தெரிந்த கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிட்டு, எழுதிய கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள் என்று ஒரு மாணவன் கேட்டால் நாம் விடுவோமா? இந்தப் பெட்டிக்கு விட்டோம். அதுவும் நூற்றுக்கு 14 கேள்விக்கு மட்டும் விடை எழுதிய மாணவனுக்கு.

சப்ளையர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றியிருந்தாலும் திரையில் அதே 2.61 வந்திருக்கும் என்கிறேன். இது என் கற்பனையும் இல்லை. 2011-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மகரோவ், குர்ட்சீஃபர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிடெக்டர்களின் கண்ணைப் பிரகாசமான ஒளியால் மறைத்து, பிணைப்பு துளியும் இல்லாமலே பெல் மீறலை, அதாவது 2-ஐத் தாண்டிய எண்ணை, திரையில் வரவழைத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, விற்பனையில் இருந்த இரண்டு குவாண்டம் சாவிக் கருவிகளை (ரகசியச் செய்தியைப் பூட்டும் சாவியை ஒளி வழியே பகிர்பவை) இதே போன்ற வித்தையால் ஏமாற்றலாம் என்று நார்வேக்காரர்கள் நிறுவியிருந்தார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல.

நான் 26 வருஷம் ஃபைபர் லைனுக்கு ஏ.டி. (ஏற்புச் சோதனை) எடுத்தவன். ஒப்பந்ததாரர் தன் மீட்டரில் ஸ்ப்ளைஸ் லாஸ் (ஃபைபர் இணைப்பில் ஒளி இழப்பு) காட்டினால் "நல்லது, இப்ப நம்ம மீட்டர்ல போடுங்க" என்றுதான் சொல்லிப் பழக்கம். கேலிபரேஷன் ஸ்டிக்கர் காலாவதியானால் அதையும் ஏற்க மாட்டோம். சாதாரண கேபிளுக்கே இந்தக் கெடுபிடி. இங்கே விதியில் என்ன எழுதியிருக்கிறது? 'சப்ளையர் வழங்கும் சோதனை அறிக்கை போதுமானது.' பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்ல சாதாரண ஸ்கூட்டர்காரனுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை நாட்டின் ரகசியத் தொடர்புக்குக் கருவி வாங்குகிறவருக்குக் கிடையாதா?

அப்படியானால் இரண்டு முனையையும் நம்பாத முழுப் பெல் சோதனை வேண்டுமா என்று கேட்பீர்கள். அது கடினம் என்பது எனக்கும் தெரியும். வழக்கமான உச்சப் பிணைப்பு நிலையில் இரு பக்கமும் போட்டான்களில் 82.8 சதவீதத்துக்கு மேல் பிடிபட வேண்டும். ஓட்டையில்லாமல் அதைச் செய்து முடிக்க 2015 வரை ஆயிற்று. டெல்ஃப்ட், வியன்னா, போல்டர் என்று மூன்று குழுக்கள் அந்த ஆண்டில்தான் சாதித்தன. அதை நான் கேட்கவில்லை. நம் முனை நம்முடையது, அதை நம்பலாம். எதிர்முனைப் பெட்டியை மட்டும் நம்பாமல் சோதிக்க வழி இருக்கிறது. அதன் பெயர் ஸ்டியரிங். (பஸ் ஓட்டுநர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை, 1935-இல் அந்தச் சொல்லை வைத்தவர் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர்.) 2007-இல் வைஸ்மன், ஜோன்ஸ், டோஹர்ட்டி மூவரும் அதற்குத் துல்லியமான வரையறை கொடுத்தார்கள்: எதிர்முனை சொல்லும் விடைகளை, முன்கூட்டியே தயாரித்து அனுப்பிய போட்டான்களைக் கொண்டு விளக்கவே முடியாது என்று ஆகும்போதுதான் பிணைப்பு நிரூபணமாகிறது.

இதில் நம் பக்கம் எத்தனை போட்டான் தொலைந்தாலும் கவலையில்லை. நம் கிளிக் ஒவ்வொன்றுக்கும் எதிர்முனை பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு திசைகளில் கேட்டால் பாதிக்கு மேல் பதில் வர வேண்டும். மூன்றில் கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நான்கில் கேட்டால் கால் பங்குக்கு மேல். கேள்வியின் திசைகள் கூடக் கூட ஏமாற்றுப் பெட்டிக்கு மூச்சு முட்டும். நடைமுறையில் பிழை இருக்குமாதலால் இந்த எல்லைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். 2012-இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு இப்படித் திசைகளைக் கூட்டி, 1 கி.மீ. ஃபைபர் வழியே, போட்டான்களில் பெரும்பகுதி தொலைந்த நிலையிலும் சோதனையை நடத்திக் காட்டியது. ஆகவே 'லாஸ் அதிகம் சார்' என்ற சாக்கு எடுபடாது. லாஸ் அதிகமென்றால் திசையைக் கூட்டுங்கள், கழிக்காதீர்கள்.

100-க்கு 14 பதில் மட்டும் சொன்ன அந்தப் பெட்டியிடம் இரண்டே திசைகளில் கேட்டோம்; பாதி எங்கே, 14 எங்கே? வேறென்ன சொல்ல?

சொல்ல இருக்கிறது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் மிஷன் 2,000 கி.மீ. தூரத்துக்குப் பாதுகாப்பான தொடர்பை இலக்காக வைத்திருக்கிறது. பெருமைதான். 2025 ஜூனில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் 1 கி.மீ. திறந்த வெளியில் பிணைப்பு வழி சாவிப் பகிர்வைச் செய்து, பிழை விகிதம் 7 சதவீதத்துக்குக் கீழே, விநாடிக்குச் சுமார் 240 பிட் என்று எண்ணோடு அறிவித்தார்கள். எண் இருந்தால் சண்டை போடவாவது முடியும். நமக்கு வரும் பளபளப்புச் சிற்றேடுகளில் எண்ணுக்குப் பதில் 'உலகத் தரம்' என்று இருக்கிறது. அதோடு ஹேக்கரை முகமூடி போட்ட ஆளாக ஒரு படம். திறப்பு விழாவுக்கு ரிப்பன் கத்தரி வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும் நம் அலுவலகம், மூல டேட்டாவைக் கேட்க ஒரு வரி எழுதத் தயங்குகிறது. கேட்ட என் பெயருக்கு எதிரே 'தாமதத்துக்குக் காரணம்' என்ற குறிப்பு மட்டும் மறக்காமல் விழுந்திருக்கிறது.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். விதியில் ஒரு பத்தி சேருங்கள். எதிர்முனைப் பெட்டி நம்பத் தகாதது என்று கொண்டே சோதனை நடக்கட்டும். எந்தத் திசை என்பதை நம் ரேண்டம் எண் கருவி தீர்மானிக்கட்டும். போட்டான் நம் கைக்கு வந்து சேர்ந்த பிறகே அது எதிர்முனைக்குத் தெரியட்டும். பதில் வராததையும் பதிலாகவே எண்ணட்டும், டேட்டா ஃபைல் முழுதாக நம் வசம் வரட்டும். எந்த முனையை நம்பாமல் சோதித்தோம் என்பதும் சான்றிதழில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே ஸ்டியரிங் சாத்தியமாகும் நிலைகள் உண்டு என்பது 2012-இல் ஹனோவரில் செய்துகாட்டப்பட்ட விஷயம். முனையை மாற்றிப் போட்டுக் கையெழுத்து வாங்கக் கூடாது.

அடுத்த சோதனை வரும் வெள்ளிக்கிழமை என்று அழைப்பு வந்திருக்கிறது. நம் டிடெக்டர்களையும் ரேண்டம் எண் கருவியையும் நானே எடுத்துவருகிறேன். எனக்கு ஒரு மேஜையும் இரண்டு பிளக் பாயின்ட்டும் ஒதுக்கச் சொன்னால் போதும். படிவத்தையும் கையோடு கொண்டு வருகிறேன். பேனா என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்திடாத சோதனைப் பொறியாளர்