அப்டேட் வேறு, ஒரிஜினல் சோதனை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில், 'ஒரிஜினல் விண்டோஸ் இல்லையென்றால் அப்டேட் வராது' என்று போகிறபோக்கில் ஒரு வரி. அது தவறு. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் ஊரில் எத்தனையோ சிஸ்டங்கள் வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டையே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். அச்சகங்கள், டிடிபி சென்டர்கள், பட்டாசுக் கடைகளின் பில்லிங் சிஸ்டங்கள், இவைதான் என் வாடிக்கை. ஆக்டிவேட் செய்யாத, அதாவது லைசென்ஸ் கீ போட்டு ஒரிஜினல் என்று உறுதி செய்யாத, விண்டோஸ் 10, 11 இரண்டுக்குமே மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. 11-க்கு இன்றும் வருகிறது. திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து நிற்கும், வால்பேப்பர், கலர் மாற்ற செட்டிங்ஸ் இடம் கொடுக்காது. அவ்வளவுதான்.

பிறகு ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்? அதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். 2005 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'விண்டோஸ் ஜெனுவின் அட்வான்டேஜ்' என்ற சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்டேட் தளத்துக்குப் போனால், உங்கள் விண்டோஸ் கீ, பயாஸ் விவரம் போன்றவற்றைப் பார்த்து ஒரிஜினலா என்று தீர்ப்பு சொல்லும். ஃபெயில் ஆனால் புதிய மென்பொருள்களை இறக்கிக்கொள்ள முடியாது. ஆனால் அப்போதே, முக்கியமான பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாக எல்லோருக்கும் உண்டு என்று வைத்திருந்தார்கள். அது நல்ல முடிவு. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. காசு போட்டுச் செய்த பொருளைத் திருட்டு சிடியில் ஓட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டுதானே.

2006-ல்தான் சிக்கல் ஆரம்பம். இந்தச் சோதனையையே முக்கியமான அப்டேட் என்று முத்திரை குத்தி, பாதுகாப்பு அப்டேட் வரும் அதே வழியில் அனுப்பினார்கள். எண்கூட மறக்கவில்லை: கேபி905474. அதை ஏற்றிய மறுநாள் சிஸ்டத்தைப் போட்டால், லாகின் ஆவதற்கு முன்பே 'இது ஒரிஜினல் விண்டோஸ் இல்லை, போலி மென்பொருளால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம்' என்று எச்சரிக்கை வந்து நிற்கும். அது மறைந்த பிறகு டாஸ்க்பார் மூலையில் அதே எச்சரிக்கை பலூன் வடிவக் கட்டத்தில் வரும். இந்த மென்பொருள் தினமும் கம்பெனி சர்வரோடு பேசுகிறது என்ற செய்தியும் அந்த வருஷம் ஜூன் மாதம் வெளியானது. அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள்.

எங்கள் அச்சக முதலாளிகளுக்கு இந்த வழக்கு விவரம் எல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்டேட் விட்டால் திரையில் திருடன் என்று எழுதுகிறான். "ஏப்பா, அந்த அப்டேட்டு எழவ மொதல்ல நிப்பாட்டு" என்றார் ஒருவர். அவர் தானாகத் திருடியவரும் இல்லை. அசெம்பிள்ட் செட் வாங்கியபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்தது கார்ப்பரேட் சிடி. பெரிய கம்பெனிக்குக் கொடுத்த கீ கசிந்து ஊரெல்லாம் சுற்றியது. ஓஎஸ் போட்டதும் முதல் வேலை ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஆஃப் செய்வது என்ற வழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றியது அப்போதுதான். ஒரிஜினல் வாங்கியவர்களின் சிஸ்டத்திலும் அப்படியே ஆஃப் செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

2008 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். அந்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் சீனாவில் இந்தச் சோதனையைக் கடுமையாக்கினார்கள். ஃபெயில் ஆன சிஸ்டத்தில் மணிக்கொரு தரம் டெஸ்க்டாப் பின்னணி கறுப்பாகிவிடும். அங்கே பெரிய ரகளை. அப்டேட்டை நிறுத்திவிடுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதே வாரம், 23-ஆம் தேதி, எம்எஸ்08-067 என்ற அவசர அப்டேட் வெளியானது. அடுத்த மாதமே கான்ஃபிக்கர் என்ற புழு (ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவும் வைரஸ் வகை) கிளம்பி, அந்த ஓட்டை அடைபடாத சிஸ்டங்களுக்குள் புகுந்தது. அதிகம் அடிவாங்கிய நாடுகளில் சீனா, பிரேசில், ரஷ்யாவோடு இந்தியாவும் இருந்தது. கறுப்புத் திரையால்தான் இதெல்லாம் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து இலவசமாகவே வந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை.

கான்ஃபிக்கர் எங்கள் ஊருக்கு வந்தது பென் டிரைவில். தினசரி காலண்டர் டெலிவரி மும்முரமாக இருக்கும் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதம். டிசைனைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு டிடிபி சென்டருக்கும் அச்சகத்துக்கும் பையன்கள் சைக்கிளில் அலைவார்கள். புழு ஏறிய பென் டிரைவைச் செருகினால் ஒரு சின்னக் கட்டம் திறக்குமே, அதில் ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களைப் பார் என்று இரண்டு வரி இருக்கும். மஞ்சள் ஃபோல்டர் படம்கூட ஒன்றே. ஆனால் மேலே இருப்பது 'புரோகிராமை ஓட்டு' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும், அதுதான் புழு. டெலிவரி அவசரத்தில் தலைப்பை யார் படிக்கிறார்கள்? உள்ளே வந்ததும் ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்களையும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் தளத்தையும் திறக்கவிடாமல் செய்துவிடும். வேறு சிஸ்டத்தில் அந்த அவசர அப்டேட்டை (கேபி958644) இறக்கி, சிடியில் எழுதிக்கொண்டு போய்த்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நெட்வொர்க்கில் ஒன்றை விட்டுவிட்டால் போச்சு, எல்லாவற்றுக்கும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். லைசென்ஸ் உள்ள செட், இல்லாத செட் என்று புழு பார்க்கவில்லை.

தெருநாய்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட வரும் நகராட்சிக்காரர், இது யார் வளர்க்கும் நாய், லைசென்ஸ் எங்கே என்றா கேட்கிறார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்களையும் இந்தச் சோதனை விட்டுவைக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 24-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் சர்வரில் தவறான புரோகிராமை ஏற்றிவிட்டார்கள். ஏறத்தாழ 19 மணி நேரம், சோதனைக்கு வந்த ஒரிஜினல் விண்டோஸ் விஸ்டாவையும் எக்ஸ்பியையும் போலி என்றே சர்வர் சொன்னது. 12,000-க்கும் குறைவான சிஸ்டங்கள்தான் என்று நிறுவனமே விளக்கம் கொடுத்தது. எண்ணிக்கை குறைவுதான், சரி. அந்த ஆட்களிடம் இனி அப்டேட்டை நம்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது, ஆதரவு நிறுத்தி மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் நிறுவனமே எல்லோருக்கும் அப்டேட் கொடுத்தது. ஒரகடம் கார் ஆலை வரை பாதித்த விஷயம் அது. இப்போது விண்டோஸ் 10-க்கு மறுபடியும் நிபந்தனைகள். 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அதோடு செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் பேக்கப் செய்ய வேண்டும், இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளோ, 30 டாலரோ, அதற்கு ஈடான நம் பணமோ கொடுக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் பணமும் இல்லை, பேக்கப் கட்டாயமும் இல்லை. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது என்று நம் அரசு கேட்கலாம். சைபர் எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட்-இன் அமைப்பும், 'ஆக்டிவேட் ஆகாத சிஸ்டத்துக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு, தயங்காமல் போடுங்கள்' என்று எச்சரிக்கையோடு ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரி இல்லாததால்தான் திருட்டு விண்டோஸை ஒரிஜினல் போலக் காட்டும் கிராக் புரோகிராம்களை ஆட்கள் தேடிப் போகிறார்கள். ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை ஆஃப் செய் என்று அதிலேயே எழுதியிருக்கும்!

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் இதையும் சேர்த்துப் போடுங்கள்: ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் கடைசிப் பக்கமாக இருக்கும் 'விண்டோஸ் அப்டேட்'டைப் பாருங்கள். 'டிசேபிள்ட்' என்றிருந்தால் யாரோ எப்போதோ ஆஃப் செய்து வைத்தது. அதை 'மேனுவல்' என்று மாற்றிவிட்டு, செட்டிங்ஸில் போய் அப்டேட் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடச் சொல்லுங்கள். ரொம்ப நாள் பாக்கி இருந்தால் நேரம் எடுக்கும், கரண்ட் கட் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில் செய்யும் வாசகர்,
சிவகாசி