இருட்டில் எடுத்த படங்கள்: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி முடியப் போகிறது. தை பிறந்ததும் கல்யாணம், மாலை வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று வரிசையாக வரும். அதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணம் ஒரு தவறு. செய்தது நான்தான்.

தீபாவளிக்கு முன்பு ஒருவர் பேத்தியின் அரங்கேற்றத்துக்கு என்று சின்ன கேமரா கேட்டு வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், நம் கடைக்குப் பல வருடப் பழக்கம். சட்டைப்பையில் அடங்கும் அளவு, 30 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல் உள்ள ஒன்றை எடுத்துக் காட்டினேன். "கடைசி வரிசையில உட்கார்ந்தாலும் முகம் பளிச்சுன்னு விழும் சார்" என்று சொல்லியே விற்றேன். அரங்கேற்றம் முடிந்த மறுநாள் வந்தார். கோபப்படவில்லை. கேமராவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "தம்பி, இந்தப் படத்துல குழந்தையோட கை எங்கே இருக்குன்னு காட்டு" என்றார். கை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ இருந்தது. முகத்தில் ரவை தூவியது போலப் புள்ளிகள்.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/30 விநாடி, ஐஎஸ்ஓ (கிடைத்த ஒளியைக் கேமரா பெரிதாக்கிக் காட்டும் அளவு) 3200, லென்ஸ் திறப்பு எஃப் 6.4. அந்த மூன்று எண்களிலேயே எல்லாம் இருந்தது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் கை, 1/30 விநாடிக்குள் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 1/250 விநாடியில் எடுத்திருந்தால் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் 1/250 வைக்க அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை.

ஏன் போதவில்லை? ஜூமை முழுக்க நீட்டியதால் முதலில். அந்த லென்ஸ் நீட்டாதபோது எஃப் 3.5, முழுக்க நீட்டினால் எஃப் 6.4. எண் ஏற ஏறத் திறப்பு சுருங்கும். இரண்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கணக்கு போட்டால், உள்ளே வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கணக்கு வாத்தியாருக்கே இந்தக் கணக்கை நான் சொல்லாமல் விட்டேன் என்பதுதான் எனக்கு வெட்கம்.

அப்புறம் சென்சார், அதாவது ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லு. பெரிய ஜூம் உள்ள சின்ன கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை. உண்மையில் அது சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. "1 அங்குலம்" என்று சொல்லப்படுவது 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பில் அதைப்போல நான்கு மடங்கு. அதிலும் ஒரு அங்குலம் எங்கும் கிடையாது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துப் பெயரிட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. மூலைக்கு மூலை அளந்தால் 16 மில்லிமீட்டர்தான் வரும். துணிக்கடையில் இப்படி அளந்து கொடுத்தால் விடுவோமா?

அந்த ரவைப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று பலர் கேட்கிறீர்கள். தூறல் தொடங்கும்போது மொட்டைமாடித் தரையைப் பாருங்கள். ஒரு இடத்தில் நாலு சொட்டு விழுந்திருக்கும், பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும். நன்றாகப் பெய்த பிறகு தரை முழுக்க ஒரே ஈரம். ஒளியும் துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது. சென்சாரின் ஒரு கட்டத்துக்கு (பிக்சல்) சராசரியாக 100 துளி கிடைத்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 துளி கிடைத்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம்தான். கண்ணுக்கே தெரியாது. ஐஎஸ்ஓவை ஏற்றுவது துளிகளைக் கூட்டாது, கிடைத்ததைப் பெரிதாக்கிக் காட்டும். புள்ளிகளும் கூடவே பெரிதாகும். அதை மறைக்கக் கேமரா தானே படத்தை மெழுகிவிடும். அதனால்தான் பட்டுப்புடவை ஜரிகை பிளாஸ்டிக் மாதிரி ஆகிறது.

மெகாபிக்சல் பற்றி நான் இனி பேசப் போவதில்லை. 2008-இல் கேனான் ஜி10 என்ற கேமரா 14.7 மெகாபிக்சலோடு வந்தது. மறு வருடம் வந்த ஜி11-இல் அதே அளவு சென்சாரில் 10 மெகாபிக்சலாகக் குறைத்துவிட்டார்கள். கம்பெனியே இறங்கி வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைக்காரன் கூவுவது நன்றாக இல்லை.

சரி, எதை வாங்குவது? இப்போது அதிகம் விசாரிக்கப்படுகிற மூன்றும் 2019-இல் வந்தவை. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ் 100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3. முதல் இரண்டிலும் 1 அங்குல வகை சென்சார். சோனியில் ஜூம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் அதன் லென்ஸ் எஃப் 2.8-இல் தொடங்கி 4.5-இல் முடிகிறது. கேனானுடையது 1.8-இல் தொடங்கி 2.8-இல் முடிகிறது. ஜூம் செய்யாதபோது கேனானுக்குள் போகும் வெளிச்சம் சுமார் 2.4 மடங்கு. பகலில் ஊர் சுற்றுகிறவருக்குச் சோனி, மண்டபத்துக்குள் நிற்கிறவருக்குக் கேனான் என்பது என் கணக்கு. ரிக்கோவில் இவற்றைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கிறது, ஆனால் ஜூமே கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் போக முடியாதவர்கள் அதை வாங்கிவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

இவ்வளவு செலவு தேவையா என்றால், பலருக்குத் தேவையில்லை. கார்த்திகை விளக்கு, கொலு, இரவில் கோபுரம் போல அசையாத எதையும் நல்ல ஃபோன் பிரமாதமாக எடுக்கும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்கிவிடுகிறது. ஆடுகிறவர், ஓடுகிற குழந்தை என்று வரும்போதுதான் அந்த வித்தை தடுமாறும். கல்லூரிப் பிள்ளைகள் பழைய டிஜிகேம் (சின்ன டிஜிட்டல் கேமரா) கேட்டு வருகிறீர்கள், சந்தோஷம். அதில் உங்களுக்குப் பிடித்திருப்பது முகத்தில் அடிக்கும் அந்த ஃபிளாஷ். ஃபிளாஷை அணைத்துவிட்டு இருட்டில் எடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

கையில் ஏற்கெனவே இருக்கும் கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? ஜூமை முழுக்கச் சுருக்கிவிட்டு நான்கு அடி முன்னால் போங்கள். இதற்கு ஈடான அமைப்பு எந்த மெனுவிலும் இல்லை. கேமராவின் மேல் சக்கரத்தில் S அல்லது Tv என்ற எழுத்து இருந்தால் அதில் வைத்து, ஷட்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள்: நிற்கிறவர்களுக்கு 1/60, நடக்கிறவர்களுக்கு 1/125, நடனத்துக்கு 1/250. கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உங்கள் கையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், ஆடுகிறவர் கையை அல்ல. மேடையின் பின்திரை கறுப்பாக இருந்தால் கேமரா அதைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளிற வைத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வரை இறக்குங்கள். சில மண்டபங்களில் எல்இடி விளக்கால் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு மாற்றினால் பட்டை பெரும்பாலும் போய்விடும். ஃபிளாஷ் மூன்று மீட்டர் தாண்டினால் வீண். பத்தாவது வரிசையிலிருந்து அடித்தால் ஒன்பதாவது வரிசைக்காரரின் வழுக்கைதான் விழும்.

சாரிடமிருந்து அந்தக் கேமராவை வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் மட்டும் என்றால் நியாயமில்லை. தீபாவளிக்குப் பிறகு, மண்டப நிகழ்ச்சிக்கென்று கேட்டு, என் பேச்சை நம்பிப் பெரிய ஜூம் கேமரா வாங்கியவர்கள் ரசீதோடு வாருங்கள். மாற்றித் தருகிறேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். கடையின் முன்பக்கம் டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். அதனால் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் காலி செய்து, ஒரே ஒரு 9 வாட் பல்பு மாட்டியிருக்கிறேன். உங்கள் மெமரி கார்டைக் கொண்டுவாருங்கள். கடைப்பையன் கையை ஆட்டிக்கொண்டு நிற்பான், எந்தக் கேமராவிலும் எடுத்துப் பாருங்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் முடிவு சொன்னால் போதும். இருட்டில் கேமராவின் சின்னத் திரை எல்லாவற்றையும் பளபளவென்று காட்டும், அதை நம்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கேமரா கடைக்காரர்

பின்குறிப்பு: விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பனிமூட்டம் தெரிகிறது என்று இந்த மாதம் மூன்று பேர் கேமராவைக் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் லென்ஸ்மேல் விரல் எண்ணெய், ஒன்றில் விபூதி. துடைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.