விண்டேஜ்னா பழசுன்னு அர்த்தம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஷாம்பெயின்ங்கற குமிழி ஒயின் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா விண்டேஜ் ஷாம்பெயின்னா ரொம்ப நாள் பழசான சரக்குன்னு ஒரு வரி போட்டுட்டீங்க பாருங்க, அதை அப்படியே விட மனசு வரல. பாட்டில்ல 2008னு இருந்தா, அந்த ஒரு வருஷம் பறிச்ச திராட்சைய மட்டும் வச்சு செஞ்சதுன்னு அர்த்தம்.

சாதாரண ஷாம்பெயின்ல வருஷமே போட மாட்டாங்க. இந்த ஒயின் வர்ற ஷாம்பெயின்ங்கற பகுதி பிரான்ஸ்ல வடக்க இருக்கற குளிர் பூமி, பழம் சரியா பழுக்காத வருஷம் நிறைய வரும், அதனால முந்தின வருஷங்கள்ல எடுத்து வச்ச ஒயினையும் கலந்து எப்பவும் ஒரே ருசி வர்ற மாதிரி பாத்துக்குவாங்க. விண்டேஜுக்கு அந்த கைத்தாங்கல் கிடையாது, அந்த வருஷத்து வெயிலும் மழையும் எப்படியோ அப்படியே கிளாஸ்ல வந்து நிக்கும். 2003ல வெயில் கொளுத்தி ஆகஸ்ட்லயே அறுவடை ஆரம்பிச்சிட்டாங்க, அந்த வருஷத்து ஒயின்ல புளிப்பு கம்மி. 2008ல கோடை பூரா மப்பும் மந்தாரமுமா போச்சு, செப்டம்பர்ல வந்த வெயில்தான் காப்பாத்துச்சு, பழம் நிதானமா பழுத்து புளிப்பும் குறையாம நின்னுச்சு, அதான் அந்த வருஷத்த இன்னிக்கும் தேடறாங்க.

செய்முறைய நாலு வரில முடிச்சதுதான் எனக்கு பெரிய வருத்தம். முதல்ல குமிழியே இல்லாத ஒயின் தயாராகும், அத பாட்டில்ல ஊத்தி லிட்டருக்கு 24 கிராம் போல சர்க்கரையும் ஈஸ்டும் சேத்து மூடிடுவாங்க, ஈஸ்ட் சர்க்கரைய தின்னு விடற வாயு வெளிய போக வழியில்லாம ஒயினுக்குள்ளயே கரைஞ்சிடும், உள்ள அழுத்தம் 6 அட்மாஸ்பியர் வரைக்கும் ஏறும், கார் டயர்ல இருக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல. அந்த வேலை முடிஞ்சதும் ஈஸ்ட் செத்து அடில வண்டலா படியும். விண்டேஜோட உயிரே அந்த வண்டல்லதான் இருக்கு. செத்த ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு ஒயின்ல கலக்கும்போதுதான் சுட்ட பிரெட் வாசனை, வறுத்த பாதாம் வாசனையெல்லாம் வருது. பாட்டில்ல அடைச்சதுல இருந்து குறைஞ்சது 3 வருஷம் கழிச்சுதான் விக்கலாம்னு சட்டம், சாதாரண ஷாம்பெயினுக்கு 15 மாசம் போதும், நல்ல விண்டேஜ 7, 8 வருஷம் கூட இருட்டு பாதாளத்துலயே வச்சிருப்பாங்க.

அப்புறம் பாட்டில பலகைல தலைகீழா சாய்ச்சு தினமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வண்டல கழுத்துக்கு கொண்டு வருவாங்க, கழுத்த மட்டும் உறைய வச்சு மூடிய திறந்தா உள்ள இருக்கற அழுத்தமே வண்டலோட உறைஞ்ச அந்த ஐஸ் கட்டிய வெளிய தள்ளிடும். கடைசியா துளி சர்க்கரை சேத்து கார்க் போடறது, ப்ரூட்னு, அதாவது இனிப்பு கம்மியான வகைன்னு, பாட்டில்ல போட்டிருந்தா மொத்த சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்கு உள்ள.

இன்னொண்ணு, டாம் பெரிஞ்யோன் துறவிதான் குமிழிய கண்டுபிடிச்சார்னு எழுதினதும் தப்பு. அவர் ஷாம்பெயின் பகுதில இருக்கற ஓவில்லேர் மடத்துக்கு வந்ததே 1668ல, அதுக்கு முன்னாடி 1662லயே இங்கிலாந்துல கிறிஸ்டோபர் மெரெட்ங்கற மருத்துவர், ஒயின்ல சர்க்கரை சேத்து நுரைக்க வைக்கறாங்கன்னு ராயல் சொசைட்டிங்கற அறிவியல் சங்கத்துக்கு எழுதியிருக்கார்.

குடிக்கற விதம் பத்தியும் ரெண்டு வரி போட்டிருக்கலாம். நீளமான ஒல்லி கிளாஸ்ல ஐஸ் மாதிரி ஜில்லுனு ஊத்தினா விண்டேஜோட வாசனை வெளியவே வராது. நான் 2008 பாட்டில் ஒண்ணு அப்படித்தான் திறந்தேன், முதல் வாய்ல எலுமிச்சை புளிப்பு மட்டும் சுள்ளுனு அடிச்சுது, இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு தோணுச்சு. மிச்சத்த வாய் அகலமான ஒயின் கிளாஸுக்கு மாத்தி மேசைல அப்படியே வச்சிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா குமிழி அடங்கி ஊசி மாதிரி மெல்லிசா ஏறிட்டு இருந்துச்சு, கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போறதுக்குள்ள அப்பதான் அடுப்புல இருந்து எடுத்த பிரெட் வாசனை வந்துடுச்சு.

அடுத்த இதழ்ல விண்டேஜ்னா பழசுங்கற அந்த வரிய மட்டுமாவது திருத்தி போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்