நாயகியின் காட்சியில் முடிவெடுப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படங்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தைக் குறை சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும் அதற்கான எதிர்வினையையும் படித்தேன். 'ஆண்கள் எழுதினால் அப்படித்தான் இருக்கும்' என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். 'இப்படிக் குறை சொல்வதெல்லாம் இப்போது கிளம்பிய ஃபேஷன்' என்கிறார் எதிர்வினை எழுதியவர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபேஷன் என்பதற்குப் பதில் சுருக்கமானது. 1968-இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் தன் சூப்பர் ஹீரோ நாயகி வொண்டர் உமனின் சக்திகளைப் பறித்து, அவரைத் துணிக்கடை நடத்த வைத்தது. அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமின் 'மிஸ்' பத்திரிகை 1972 ஜூலை இதழின் அட்டையில் அவரைப் பழைய உடையிலும் பழைய பலத்திலும் வரைந்து வெளியிட்டது. 1973-இல் சக்திகள் திரும்பக் கிடைத்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாசகர்கள் கேட்ட கேள்விதான் இது.

கட்டுரையாளரின் வாதம் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது. மார்வெல் படங்களின் உளவாளி நாயகி பிளாக் விடோவாகிய நடாஷாவை வளர்த்த ரகசியப் பயிற்சிக்கூடமான 'ரெட் ரூம்', தன்னிடம் பயிற்சி பெறும் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்துவிடும். இந்த ஒரே செய்தி இரண்டு படங்களில் வருகிறது. ஜாஸ் வீடன் எழுதி இயக்கிய 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' (2015) படத்தில் அது வருவது பண்ணை வீட்டுக் காட்சியில். தன்னால் பிள்ளை பெற்றுக்கொள்ள முடியாது என்கிறார், கோபம் வந்தால் ஹல்க் என்ற அரக்கனாக மாறும் ப்ரூஸ் பேனர். நடாஷா உடனே தனக்கு நடந்ததைச் சொல்கிறார். அது எல்லாவற்றையும் சுலபமாக்கிவிடும், கொலையைக்கூட என்கிறார். அடுத்த மூச்சில், இந்தக் குழுவில் நீங்கள் மட்டும்தான் அரக்கன் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார்.

அரக்கி என்று அவர் சொன்னது தான் செய்த கொலைகளை வைத்துத்தான் என்று படத்தின் ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எழுதியவரின் எண்ணம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பேச்சில் கொலை ஒரு சொல்லாக வந்து போகிறது. மற்ற வரிகளெல்லாம் கருத்தடையைப் பற்றியவை. பார்ப்பவர் காதில் விழுவது, பிள்ளை பெற முடியாதவள் அரக்கி என்பதுதான். இதைத் திருத்த பேனரை நடுவில் ஒரு கேள்வி கேட்க வைத்து, நடாஷா செய்த ஒரு கொலையை விவரமாகக் கொண்டுவந்தால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். திரைக்கதைப் பிரதியில் அரைப் பக்கம், திரையில் அரை நிமிடம்.

'பிளாக் விடோ' (2021) படத்தில் சிறையிலிருந்து மீட்கப்பட்ட வளர்ப்புத் தந்தை அலெக்ஸி, நடாஷாவின் வளர்ப்புத் தங்கை எலேனா கோபப்படுவதைப் பார்த்து மாதவிலக்கா என்று கேட்கிறார். எனக்குக் கருப்பையே இல்லை என்று தொடங்கி, எதையெல்லாம் எப்படி அறுத்து எடுத்தார்கள் என்று எலேனா விவரித்துக்கொண்டே போக, அலெக்ஸி நெளிகிறார். முந்தைய படத்தில் இந்தக் காயம் ஓர் ஆணுக்கு ஆறுதலாகவும் காதலுக்குப் பொருத்தமாகவும் எடுத்து வைக்கப்பட்டது. இங்கே அது அவமதித்தவரைத் தலைகுனிய வைக்கிறது. இயக்கியவர் கேட் ஷார்ட்லேண்ட் என்ற பெண். ஆனால் திரைக்கதைக்குப் பெயர் போடப்பட்டிருப்பவர் எரிக் பியர்சன், ஆண்தான்.

ஆகவே எழுதியவர் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் பிரதியைத்தான் சோதிக்க வேண்டும். நாயகி வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் மூன்றைக் குறியுங்கள்: காட்சி யாருடைய தேவையில் தொடங்குகிறது, அதைத் திருப்பும் முடிவை யார் எடுக்கிறார், அதன் விளைவை யார் சுமக்கிறார். மூன்றிலும் தொடர்ந்து வேறொருவர் பெயரே வந்தால், நாயகி எத்தனை பேரை அடித்து வீழ்த்தினாலும் பயனில்லை. பிறகு அறிமுகக் காட்சியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 'அயர்ன் மேன் 2' (2010) படத்தில் குத்துச்சண்டை மேடையில் அயர்ன் மேனாகிய டோனியின் மெய்க்காவலர் ஹேப்பியை ஒரே நொடியில் சாய்த்துப்போடுகிறார் நடாஷா. அதற்குச் சற்று முன்புதான் டோனி அவருடைய உள்ளாடை மாடலிங் படங்களை இணையத்தில் தேடிப் பார்க்கிறார். சண்டை கொடுக்கும் மதிப்பு முன்கூட்டியே பறிபோகிறது.

தேறும் காட்சிக்கு உதாரணம், 'வொண்டர் உமன்' (2017) படத்தின் போர்முனைக் காட்சி. பதுங்குகுழியில் குழந்தையோடு நிற்கும் தாய் தன் கிராமத்தின் கதியைச் சொல்கிறார். இதற்காக நாம் வரவில்லை என்கிறார் உடன் வந்த ஸ்டீவ். வொண்டர் உமனாகிய டயானா ஏணியில் ஏறுகிறார், முதல் தோட்டாவைக் கைவளையால் தட்டிவிடுகிறார், குண்டு மழைக்குள் நடக்கிறார். ஆண்கள் பின்னால் வருகிறார்கள். திரைக்கதை ஆலன் ஹைன்பெர்க், இவரும் ஆண்தான். ஆனால் டயானா இங்கே என்னதான் செய்யப்போகிறார் என்று உடன் வேலை செய்தவர்கள் சிலரே குழம்பியதாகவும், போராடித்தான் இந்தக் காட்சியைக் காப்பாற்ற வேண்டியிருந்ததாகவும் இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸ் சொல்லியிருக்கிறார்.

அதே ஜென்கின்ஸ் இணைந்து எழுதிய 'வொண்டர் உமன் 1984' (2020) சறுக்கியதையும் சொல்ல வேண்டும். இறந்த காதலன் ஸ்டீவ் முன்பின் தெரியாத ஓர் ஆணின் உடலில் திரும்பி வர, டயானா அவரோடு காதலைத் தொடர்கிறார். அந்த உடலுக்குரியவரின் சம்மதம் பற்றி யாருமே யோசிக்கவில்லை. ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி எழுதிப் பார்த்திருந்தால் முதல் வரைவிலேயே யாராவது தடுத்திருப்பார்கள்.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) எனக்கே தயக்கம் தரும் இடம். நடாஷா மலையிலிருந்து விழுந்து உயிரைக் கொடுப்பது முழுக்க அவருடைய முடிவு, தோழர் கிளிண்டோடு போராடிப் பெற்ற முடிவு. அந்தக் காட்சியில் குறை இல்லை. குறை அதன் பிறகு: அதே படத்தில் இறக்கும் டோனிக்கு எல்லோரும் திரண்டு நிற்கும் இறுதிச் சடங்கு, நடாஷாவுக்கு ஏரிக்கரையில் சில நிமிடத் துக்கம்.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். விமர்சனங்களில் இயக்குநர் பெயரோடு திரைக்கதை, கதை எழுதியவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். ஹாலிவுட் டைட்டிலில் பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் சேர்ந்து எழுதியவர்கள்; 'அண்ட்' என்ற சொல் இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள். அதையும் அப்படியே தாருங்கள். 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் பேனர் நடாஷாவின் மார்பில் முகம் புதைய விழுகிறார். 'ஜஸ்டிஸ் லீக்' (2017) படத்தில் ஃப்ளாஷ் என்ற நாயகன் டயானாவின் மேல் அதேபோல விழுகிறார். நிறுவனம் வேறு, நாயகி வேறு. திரைக்கதைப் பெயர்களில் இரண்டிலும் வீடன் இருக்கிறார். இயக்குநர் பெயரை மட்டும் பார்க்கும் வாசகர் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் ஸாக் ஸ்னைடரைத்தான் குறை சொல்லுவார்.

இப்படிக்கு,
திரைக்கதை கற்பிக்கும் வாசகர்,
மதுரை