அறுந்த கம்பியை மீட்டரே சொல்லட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2021-ல் வந்த ஆர்.டி.எஸ்.எஸ். என்ற மத்திய அரசின் மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில், தகவல் அனுப்பும் மீட்டர்களை டிரான்ஸ்பார்மர்களிலும் பொருத்துகிறார்கள். மின்னிழப்புக் கணக்குக்காகவே இந்த ஏற்பாடு. அதே மீட்டரால் உயிரையும் காக்க முடியும் என்பதை மின்வாரியம் கவனிக்க வேண்டும்.

11 ஆயிரம் வோல்ட் (11 கே.வி.) கம்பி அறுந்து காய்ந்த மண்ணிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால் தரைக்குப் பாயும் மின்சாரம் மிகக் குறைவு. தரைக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டுபிடிக்கும் துணை மின்நிலைய எர்த் ஃபால்ட் ரிலே அதை உணராமலே போகலாம். சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர் விழாது, கம்பி லைவாகவே கிடக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து முனை மட்டும் தரையில் பட்டால் இன்னும் மோசம். டிரான்ஸ்பார்மருக்குள் மூன்று பேஸ்களையும் முக்கோணமாக இணைக்கும் டெல்டா சுற்று வழியே அந்த முனைக்கு மின்சாரம் திரும்பி வரும். தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா கணினித் திரையில், துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் லைனான ஃபீடரின் மொத்த ஆம்பியர்தான் தெரியும். அதில் இது புலப்படாது.

அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள டிரான்ஸ்பார்மர்களில் தெரியும். 11 கே.வி. பக்கம் ஒரு பேஸ் போனால், வீட்டு இணைப்புப் பக்கம் ஒரு பேஸில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். மற்ற இரண்டும் ஏறத்தாழ 115-க்கு இறங்கும். பம்புசெட் ஓடினால் அளவு சற்று மாறும். ஒரே டிரான்ஸ்பார்மரில் மட்டும் இப்படி என்றால் பெரும்பாலும் அதன் 11 கே.வி. பக்கத்து எச்.ஜி. பியூஸ் போயிருக்கும். அடுத்தடுத்த பலவற்றில் ஒரே நேரத்தில் என்றால், சரியாக இருக்கும் கடைசி டிரான்ஸ்பார்மருக்கும் கெட்ட முதல் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே கம்பியோ, கம்பிகளை இணைக்கும் துண்டான ஜம்பரோ அறுந்திருக்கிறது.

அரைமணிக்கொரு முறை பதிந்து, பிறகு மொத்தமாக அனுப்பும் மீட்டரால் இதற்குப் பயனில்லை. பாதி வோல்டேஜ் ஒரு நிமிடம் நீடித்தாலே துணை மின்நிலைய ஆபரேட்டருக்கும் பிரிவு உதவிப் பொறியாளருக்கும் அலாரம் போக வேண்டும். ஆபரேட்டர் உடனே பிரேக்கரைத் திறக்க வேண்டும். லைனை நடந்து பார்க்காமல் மறுபடி சார்ஜ் செய்யக் (சப்ளை கொடுக்கக்) கூடாது. மீட்டரின் வோல்டேஜ் வயரை டிரான்ஸ்பார்மர் முனையான புஷிங்கின் போல்ட்டில் சும்மா சுற்றிவிட்டால் சூட்டில் தளர்ந்து பொய் அலாரம் வரும். வயர் நுனியில் லக் (உலோக வளையம்) போட்டு முறுக்க வேண்டும். வயர் கழன்றால் அந்த பேஸ் சுழியமாகும், பாதியாகாது. மென்பொருள் இதைப் பிரித்துப் பார்க்கட்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. லைனை இணைக்கவும் பிரிக்கவும் கம்பத்தில் உள்ள ஏ.பி. சுவிட்சை மாற்றிப் பக்கத்து ஃபீடரிலிருந்து சப்ளை கொடுத்தால் அதைக் கணினியிலும் உடனே திருத்த வேண்டும். இல்லையென்றால் அலாரம் வந்தும் ஆபரேட்டர் தவறான பிரேக்கரைத் திறப்பார். அறுந்த கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
மின்பகிர்மானப் பணி அறிந்தோர் சிலர்,
ஈரோடு.