மல்லி போடாத கிண்ணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முட்டி வலி அப்படியேதான். வாசல் கஸ்தூரி எலுமிச்சை இந்த மாசம் நிறையக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தபோது நீ அவனுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினான். அந்த மெக்சிகோ சோள சூப். நீ கேட்டிருந்ததையும் படித்தான். பீன்ஸ் ஏன் வேகவில்லை, க்ரீம் ஏன் திரிந்தது, இரண்டு பேருக்கு என்ன அளவு. முட்டை அவிக்கத் தெரியாதவனிடம் போய்க் கேட்டிருக்கிறாய். பினாங்கில் பத்து ஃபெரிங்கி என்ற ஊரின் ஹோட்டல் கிச்சனில் 22 வருஷம் சூப் பானை முன்னால் நின்றவள் இங்கே இருக்கிறேன். சரி, கேள்வி யாருக்கு வந்தால் என்ன, பதில் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் பீன்ஸ். அந்த ஸ்லோ குக்கரில் சிவப்பு பீன்ஸை (ராஜ்மா) இனிமேல் பச்சையாகப் போடாதே. அன்றைக்கு ராத்திரி வாந்தியெடுத்து மறுநாள் வேலைக்குப் போகவில்லையாமே, அதற்குக் குளிரும் காரணமில்லை, க்ரீமும் காரணமில்லை. சிவப்பு பீன்ஸில் லெக்டின் என்று ஒரு நஞ்சு உண்டு. நாலைந்து விதை பச்சையாக உள்ளே போனாலே வயிற்றைப் புரட்டிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரைக் குறைந்த சூட்டில் வைத்தால் 75, 80 டிகிரியோடு நின்றுவிடலாம். 80 டிகிரியில் அந்த நஞ்சு அடங்குவதற்குப் பதிலாகப் பச்சை விதையில் இருப்பதைப்போல 5 மடங்குகூட ஏறலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. சாப்பிட்டு 1 மணியிலிருந்து 3 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், பிறகு மூன்று நாலு மணி நேரத்தில் தானாக அடங்கும். அன்றைக்கு அந்தச் சூப்பைச் சாப்பிட்ட எல்லாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதனால் இப்படிச் செய். உலர்ந்த பீன்ஸ் 100 கிராம். 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்புக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவை. உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று பெரியம்மா சொல்வாள், அவள் பேச்சைக் கேட்காதே. ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் நன்றாக இளகும், வெடிக்காது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிப் பெரிய தீயில் 30 நிமிஷம் கொதிக்கவிடு. 10 நிமிஷம் போதும் என்றும் சொல்வார்கள். நீ 30 வை, கடிகாரத்தைப் பார்த்து வை. பிறகு தீயைக் குறைத்து முக்கால் மணியோ ஒரு மணியோ. ஒரு விதையை எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார். மாவாக நசுங்கினால் வெந்தது, நடுவில் சுண்ணாம்புக் கட்டிபோல ஏதாவது தட்டுப்பட்டால் வேகவில்லை. பிரஷர் குக்கர் இருந்தால் இதெல்லாம் கால் மணி நேர வேலை. பச்சை மூடிக் குக்கரை வேண்டாம் என்று நீதான் வைத்துவிட்டுப் போனாய். பெட்டியில் இடம் இருந்தது.

வேலை முடிந்து சோர்ந்து வருகிற நாளில் டின் பீன்ஸே போதும். அது டின்னிலேயே வெந்தது, பயம் இல்லை. 400 கிராம் டின்னை வடித்தால் 240 கிராம் தேறும், 100 கிராம் உலர்ந்த பீன்ஸ் வெந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நுரை போகக் கழுவிப் போடு. கறுப்பு பீன்ஸ் கிடைத்தால் ருசி இன்னும் நல்லது, சூப்தான் கொஞ்சம் சாம்பல் நிறமாகும்.

உன் பீன்ஸ் வேகாததற்கு ஸ்லோ குக்கர் மட்டும் காரணமில்லை. படத்தில் சூப் சிவந்திருக்கிறது, தக்காளியை முதலிலேயே கொட்டியிருக்கிறாய். சாம்பாரில் பருப்பு வேகுமுன் புளி ஊற்றினால் என்ன ஆகும்? இதுவும் அதே கணக்குத்தான். புளிப்புத் தண்ணீரில் விதையின் உள்சுவர் இளகாது, நாலு மணி நேரம் வைத்தாலும் கல்லு கல்லாக நிற்கும். பீன்ஸ் முழுக்க வெந்த பிறகுதான் தக்காளி. என்னைக் கேட்டால் இந்தச் சூப்புக்குத் தக்காளியே வேண்டாம், வெள்ளையாக இருக்கட்டும்.

இரண்டு பேருக்கு என்று கேட்டிருக்கிறாய். சரி.

சோளக் கதிர் 2. இப்போது அங்கே குளிர்காலம், கதிர் நாள்பட்டதாக இருந்தால் உறைந்த சோளம் 250 கிராம் வாங்கு, அதுவே மேல். பறித்த கதிரில் இனிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். டின்னில் வருகிற க்ரீம் சோளம் மட்டும் வேண்டாம், அது சர்க்கரையும் மாவும் சேர்த்த கூழ். வெங்காயம் பாதி, பூண்டு 2 பல், வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, புகைபோட்ட பாப்ரிக்கா மிளகாய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 1, தண்ணீர் 800 மில்லி, க்ரீம் 80 மில்லி, எலுமிச்சை 1. இரண்டு பெரிய கிண்ணம் வரும், கொஞ்சம் மிஞ்சும்.

கதிராக இருந்தால் ஆழமான கிண்ணத்துக்குள் நிறுத்தி அரி, முத்து சிதறாது. அரிந்த பிறகு கத்தியின் முதுகால் தண்டை மேலிருந்து கீழே அழுத்தி வழி. பால்போல ஒன்று இறங்கும். மூன்று தேக்கரண்டிகூட இருக்காது, ஆனால் சூப்பின் ருசி பாதி அதில்தான். தண்டைத் தூக்கிப் போடாதே. இரண்டாக உடைத்து 800 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவை, 600 மில்லியாகச் சுண்டும். அதுதான் உன் ஸ்டாக், சூப்புக்கு அடிநீர். கடையில் விற்கிற க்யூப் வேண்டாம். உறைந்த சோளம் என்றால் தண்டு இல்லை, அதற்கு வெறும் தண்ணீர் 600 மில்லி போதும், உப்பைக் கவனமாகப் போடு.

பானையில் வெண்ணெய் உருகியதும் சீரகத்தைப் போடு, பொரிந்து மணம் வரட்டும். சீரகம், சோம்பு அல்ல. மலாயில் ஜிந்தான் பூத்தே என்று சீரகம் வாங்கிவரச் சொன்னால் ஜிந்தான் மானிஸ் என்கிற சோம்பை வாங்கி வருகிற வீடு நம் வீடு, அதனால் சொல்கிறேன். பிறகு வெங்காயம், கொஞ்சம் உப்பு, 8 நிமிஷம் சின்னத் தீயில். வெங்காயம் சிவக்கக்கூடாது, கண்ணாடிபோல ஆனால் போதும். பூண்டு, மிளகாய், கடைசியில் பாப்ரிக்கா. பாப்ரிக்காவை அரை நிமிஷத்துக்கு மேல் வறுக்காதே, கருகிக் கசந்துவிடும். மஞ்சள் போடாதே, கறிமசாலா போடாதே, கை துறுதுறுக்கும், போடாதே. போட்டால் சூப் இல்லை, குழம்பு.

சிப்போத்லே மிளகாய் டின் கிடைத்தால் பாப்ரிக்காவுக்குப் பதில் அதில் பாதி மிளகாய். பழுத்த ஹலப்பேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியதுதான் அது. நம் காய்ந்த மிளகாயில் காரம் இருக்கும், அந்தப் புகை இருக்காது. டின்னில் மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஃப்ரீசரில் வை.

சோளத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பானையில் போட்டு, ஸ்டாக் ஊற்றி 10 நிமிஷம் வேகவிடு. எடுத்து வைத்ததை எண்ணெயில்லாத வாணலியில், கிளறாமல், ஒரு பக்கம் கறுப்புப் புள்ளி விழும்வரை வறு. பசார் மாலம் இரவுச் சந்தையில் வெண்ணெய் போட்டுக் கப்பில் கொடுப்பார்களே, அதைப்போல இனிப்பாக மட்டும் இருந்தால் நாலாவது கரண்டியில் திகட்டிவிடும். அந்தக் கருகல்தான் திகட்டாமல் காப்பது.

பிறகு அரை. பானையில் இருப்பதையும் பீன்ஸில் ஒரு கைப்பிடியையும் சேர்த்து அரைக்க வேண்டும். குச்சி பிளெண்டர் இருந்தால் பானைக்குள்ளேயே. ஜாடி பிளெண்டர் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதே, மூடியின் நடுத்துளையைத் திறந்து துணியால் மூடு. கொதிக்கிற சூப்பை நிரப்பி இறுக்கி மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், முகத்தில்தான் படும். மைதா வேண்டாம், அரைத்த சோளத்தின் மாவுச்சத்தே கெட்டியாக்கும். மிக இனிப்பான சோள வகையில் மாவுச்சத்து குறைவு, அப்போது தண்ணியாக நிற்கும். அதற்கு மாசா மாவு 1 மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி 5 நிமிஷம் வை. இது கேக்குக்குப் போடுகிற வெள்ளைச் சோள மாவு அல்ல. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்தது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்ததே, அதே சுண்ணாம்பு. மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அப்படித்தான் செய்கிறார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சோளத்தில் இருக்கிற நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் ஒட்டும். சோளத்தைக் கொண்டுபோன மற்ற நாட்டுக்காரர்கள் இந்த வேலையை விட்டுவிட்டு அதையே தின்று, தோல் உரிந்து பெல்லாக்ரா நோயில் கிடந்தார்கள். வேலை தெரிந்தவன் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை.

அரைத்ததோடு மிச்ச பீன்ஸையும் வறுத்த சோளத்தையும் சேர்த்து ஒரு கொதி. அடுப்பை அணை. இனித்தான் க்ரீம்.

உன் சூப் திரிந்தது இங்கேதான். கொழுப்பு குறைந்த பாலோ லைட் க்ரீமோ ஊற்றி, எலுமிச்சையையும் பிழிந்து, கொதிக்கவும் விட்டிருப்பாய். சூடும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் பாலின் புரதம் திரண்டு திட்டுத் திட்டாகிவிடும். 35 சதம் கொழுப்புள்ள கெட்டி க்ரீம் அவ்வளவு சீக்கிரம் திரியாது. அதையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூப்பை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று சேர்த்துக் கலக்கி, வெதுவெதுப்பானதும் பானையில் ஊற்று. அதற்கப்புறம் கொதிக்கவிடாதே. எலுமிச்சையைப் பானையில் பிழியாதே, கிண்ணத்தில்தான். க்ரீம் இல்லாவிட்டால் டின்னில் வரும் சர்க்கரை போடாத கெட்டிப் பால் ஊற்றலாம், டீக்கு ஊற்றுகிற இனிப்புப் பால் இல்லை.

பால் அடுப்பில் இருந்தால் பக்கத்திலேயே நிற்கணும், போன் வந்தாலும் எடுக்கக்கூடாது என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். தீபாவளிக்கு மறுநாள் நீ போன் செய்து, "அம்மா, ஒன்று சொல்லணும், கோவிச்சுக்காதீங்க" என்றாயே. அடுப்பில் பால் பொங்குகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை பாப்பா. அடுப்பே எரியவில்லை. நீ சொல்ல வந்தது என்னவென்று தெரிந்துதான் வைத்தேன். கேட்டுவிட்டால் ஏதாவது பதில் சொல்லணுமே, என் வாயில் நல்ல பதில் வராதே என்று பயம். அப்புறம் கூப்பிடவும் இல்லை. நீயாகக் கூப்பிடுவாய் என்று எட்டு மாசம் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைக்கிறேன். அவரும் தலையாட்டுகிறார், நம்பியமாதிரி தெரியவில்லை.

திரிந்த சூப்பைக் கொட்டவேண்டாம். அடுப்பை அணைத்து, இரண்டு மேசைக்கரண்டி கெட்டி க்ரீம் சேர்த்து மறுபடி அரைத்தால் முக்கால்வாசி சரியாகும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை, மூன்று நாள் இருக்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் க்ரீம் ஊற்றுவதற்கு முன்னாலேயே எடுத்து வை. க்ரீம் சேர்ந்தது உறைந்து உருகினால் தண்ணீர் தனியாகப் பிரியும். மேலே தூவ மெக்சிகோக்காரர்கள் கொத்திஹா சீஸ் போடுவார்கள், உனக்கு ஃபெத்தா சீஸ் போதும். அதில் உப்பு அதிகம், அதனால் சூப்பில் உப்பைக் குறை.

புது வேலை கிடைத்ததை அண்ணன் சொன்னான். உன் பெயர் போட்ட அட்டையையும் காட்டினான். எழுத்து சின்னது, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தேன். எனக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கலாம்.

மல்லி விஷயம் ஒன்று. சூப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கிண்ணம் இருக்கிறது. ஒன்றில் மல்லி குவிந்திருக்கிறது, அது உன்னுடையது, எனக்குத் தெரியாதா. இன்னொன்றில் ஒரு இலைகூட இல்லை. சிலருக்கு மல்லி சோப்பு மாதிரி நாறும். வீம்பில்லை, பிறவியிலேயே அப்படி, வாசனை பிடிக்கிற மரபணு ஒன்றில் இருக்கிற வித்தியாசம். கட்டாயப்படுத்தாதே. தண்டை வெங்காயத்தோடு வதக்கும் பழக்கம் உனக்கு உண்டு, என்னிடம் பார்த்தது, அதையும் நிறுத்து. மல்லியைத் தனித் தட்டில் வைத்து நீ மட்டும் போட்டுக்கொள். அந்தக் கிண்ணத்துக்கு வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து தூவு, பச்சையும் இருக்கும், வாசனையும் இருக்கும்.

பச்சை மிளகாய் 1 என்று எழுதியிருப்பது உன் காரத்துக்கு. அந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு காரம் ஆகும் என்று எழுது, அளவை மாற்றிச் சொல்கிறேன். அண்ணனுக்கு இல்லை, எனக்கு எழுது.

அம்மா

பி.கு.: டின் பீன்ஸை ஸ்லோ குக்கரில் சூடுபண்ணலாம். வேகாத சிவப்பு பீன்ஸ் மட்டும் கூடவே கூடாது. 30 நிமிஷம் கொதிக்கணும்.